8.7 எடுத்தும் டிஸ்டிங்ஷன் இல்லையா?

காசிமேட்டில் வலை பின்னுகிறவன் நான். மகள் பொறியியல் முடித்துவிட்டாள். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி. சராசரித் தரப்புள்ளி 8.7. சான்றிதழிலோ வெறும் முதல் வகுப்பு என்று இருக்கிறது; அதற்கு மேலான டிஸ்டிங்ஷன் இல்லை. மீன் வாடை ஒட்டிவிடுமோ என்று நுனிவிரலால் பிடித்து மூன்று முறை படித்துவிட்டேன். எங்கே தவறு?

தண்டையார்பேட்டைக்காரி: டிஸ்டிங்ஷனுக்கு 8.5-க்குக் குறையாமல் எடுத்தால் மட்டும் போதாது, அண்ணா. எல்லாத் தாளிலும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும். அரியர் ஏதாவது?

கேட்டவர்: இரண்டாம் பருவத்தில் கணிதம். டைபாய்டு காய்ச்சலோடு போய் எழுதினாள்.

ராயபுரம் வாத்தியார்: அடடா! மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்து அந்தத் தேர்விலிருந்து விலகியிருந்தால் அது முயற்சியாகவே கணக்கில் வராது. படிப்புக் காலத்தில் ஒரு முறை அதற்கு இடம் உண்டு. இதையெல்லாம் பிள்ளைகளிடம் யார் சொல்கிறார்கள்?

கேட்டவர்: நான்தான் ஆட்டோ பிடித்து அனுப்பிவைத்தேன், சார்.