5 ஸ்டார் ஏசி, எல்இடி எல்லாம் வந்தும் மொத்த கரண்ட் செலவு ஏன் குறையல?

திருச்சி_வாசன்:
வணக்கம் மக்களே, ரொம்ப நாளா மனசுல ஓடுற கேள்வி. மத்திய அரசோட உஜாலா திட்டத்துல மட்டும் 36 கோடிக்கு மேல எல்இடி பல்பு குடுத்திருக்காங்க, ஃபேன் 75 வாட்ல இருந்து 30 வாட்டுக்கு வந்துருச்சு, ஏசில இன்வெர்ட்டர் வந்துருச்சு, ஆனா 2024 மே 30ம் தேதி நாட்டோட உச்ச மின்தேவை 250 கிகாவாட்ட தொட்டுது. கூட வேலை பாக்குறவர் சொல்றார், சிக்கனமான மெஷின் வந்தா ஜனங்க இன்னும் அதிகமாதான் ஓட்டுவாங்க, அதனால இந்த ஸ்டார் ரேட்டிங் எல்லாமே வீண் வேலைன்னு. எனக்கு அது ஏத்துக்க முடியல, ஆனா பதில் சொல்லவும் தெரியல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நிலக்கரி_நேசன்:
உங்க நண்பர் சொல்றது பழைய வாதம் ப்ரோ, ஜெவன்ஸ் முரண்பாடுன்னு பேரு. வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ்னு ஒரு இங்கிலாந்து பொருளாதார அறிஞர் 1865லயே எழுதிட்டார். அவர் காட்டின உதாரணம் ஸ்காட்லாந்து இரும்பு உலை. 1828ல நீல்சன்ங்கிறவர் உலைக்குள்ள சூடான காத்த ஊதுற முறைய கொண்டு வந்தார், அதுக்கப்புறம் ஒரு டன் இரும்புக்கு ஆகுற நிலக்கரி மூணுல ஒரு பங்குக்கும் கீழ போயிருச்சு. ஆனா 1830லேந்து 1863க்குள்ள அங்க மொத்த நிலக்கரி செலவு பத்து மடங்கு ஏறிருச்சு. ஏன்னா இரும்பு மலிவாச்சு, மலிவானதும் ரயில் பாதை, கப்பல், பாலம்னு எல்லாத்துக்கும் இரும்புதான். 2025 ஜனவரில சீனாவோட மலிவு ஏஐ டீப்சீக் வந்தப்போ மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெல்லா கூட இதே ஜெவன்ஸதான் இழுத்தார், ஏஐ மலிவானா பயன்பாடு எகிறும்னு.

மின்_கணக்கன்:
மேல சொன்னது சரிதான், ஆனா இரும்பு உலைக்கு நடந்தது வீட்டு ஃபேனுக்கும் நடக்கும்னு சொல்லிட முடியாதுங்க. கணக்கு போட்டு பாருங்க, 75 வாட் ஃபேன் 12 மணி நேரம் ஓடினா 0.9 யூனிட், 30 வாட் ஃபேன் அதே 0.9 யூனிட்ட தின்னணும்னா 30 மணி நேரம் ஓடணும், ஒரு நாளைக்கு இருக்கிறதே 24 மணி நேரம். அப்போ ஃபேன்ல மிச்சம் மிச்சம்தான், யாரும் காலி ரூம்ல கூடுதலா ரெண்டு ஃபேன் போட்டுட்டு உக்கார மாட்டாங்க. தேவை ஒரு இடத்துல நிறைஞ்சு போச்சுன்னா சிக்கனம் அப்படியே கைல நிக்கும்.

ஃப்ரிட்ஜும் அப்படித்தான். அமெரிக்கால 1970கள்ல ஒரு புது ஃப்ரிட்ஜ் வருஷத்துக்கு 1,800 யூனிட் கிட்ட இழுத்துச்சு, கலிஃபோர்னியாவும் அப்புறம் மத்திய அரசும் கட்டாய தரக்கட்டுப்பாடு போட்டு 2000ம் வருஷம் தாண்டினப்போ 500 யூனிட் கிட்ட கொண்டு வந்துட்டாங்க, இத்தனைக்கும் ஃப்ரிட்ஜ் சைஸ் பெருசாகிட்டேதான் வந்துச்சு.

ஏசி கதை வேற. மணிக்கு ஒன்றரை யூனிட் இழுத்த ஏசி ஒரு யூனிட்டுக்கு வந்துச்சுன்னு வெச்சுக்கோங்க, 6 மணி நேரம் ஓட்டினவர் 9 மணி நேரம் ஓட்டினாலே மிச்சம் மொத்தமும் போச்சு. அதுவும் நம்ம ஸ்லாப் முறைல யூனிட் குறையக் குறைய அடுத்த யூனிட்டோட விலையும் குறையுது, 500க்கு கீழ இறங்கினதும் பில் சட்டுனு விழும், பார்த்தவுடனே ஹால்லயும் ஒண்ணு மாட்டலாம்னு தோணும்.

கொங்கு_தோட்டக்காரன்:
நீங்க எல்லாரும் விலைய வெச்சே பேசறீங்க, எங்க பக்கம் வந்து பாருங்க. விவசாயத்துக்கு கரண்ட் இலவசங்க, அப்போ விலை குறையறதுக்கே இடமில்ல. எங்களுக்கு அளவு நேரந்தான். த்ரீ ஃபேஸ் இத்தன மணி நேரம்னு வரும், அந்த நேரத்துக்குள்ள பழைய மோட்டார் எடுக்கறத விட நல்ல மோட்டார் தண்ணி ஜாஸ்தி எடுக்கும், கரண்ட் மிச்சம்னு யாரும் சீக்கிரம் ஆஃப் பண்றதில்லீங்க. சொட்டுநீர் போட்டதும் அப்படித்தான், மிச்சமான தண்ணிய கெணத்துல விட்டு வெக்க மாட்டோம், சும்மா கெடந்த பூமில இன்னொரு ஏக்கரு வாழை வெச்சுருவோம். அப்புறம் நீர்மட்டம் எறங்கும், போர இன்னும் ஆழமா போடோணும், அதுக்கு பெரிய எச்பி சப்மெர்சிபிள் வேணும், ஆழம் ஏற ஏற அதே ஒரு கொடம் தண்ணிக்கு கரண்ட் ஜாஸ்தி. மோட்டார குத்தம் சொல்லி பிரயோஜனமில்லீங்க, நிலத்தடி தண்ணிக்கு ஒரு அளவு வெக்காம மோட்டார மட்டும் மாத்தினா இதுதான் நடக்கும். ஆனா ஒண்ணு, அந்த ஒரு ஏக்கரு வாழைல எங்களுக்கு வருமானம் வந்துச்சுங்க, அத வீணுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன்.

திருச்சி_வாசன்:
அண்ணா, கடைசில நீங்க சொன்னது எனக்கு ரொம்ப முக்கியமா படுது. அப்போ மொத்த செலவு ஏறினா அது சிக்கனத்தோட தோல்வின்னு எடுத்துக்கவே கூடாதா?

மின்_கணக்கன்:
எல்லா ஏத்தத்தையும் சிக்கனத்து தலைல கட்டக் கூடாது வாசன். நம்ம நாட்டுல தேவை ஏறுறதுக்கு பெரிய காரணம் இவ்வளவு நாள் ஏசி, ஃப்ரிட்ஜ், ஏன் சரியான கரண்டே இல்லாம இருந்தவங்க இப்ப வாங்குறாங்க, அது வரவேண்டிய தேவை. பணக்கார நாடுகள்ல வீட்டு உபயோகத்துல பண்ணின ஆய்வுகள்ல, சாதனத்த கூடுதலா ஓட்டுறதால கைவிட்டுப் போறது பெரும்பாலும் மிச்சத்துல 10லேந்து 30 சதவீதம்தான்னு வருது, முழுசும் போறதில்ல. நம்ம ஊர்ல இன்னும் கூடுதலா போகலாம், ஏன்னா நமக்கு ஆசை இன்னும் அடங்கல, வெயிலும் அடங்கல. ஒரு பேச்சுக்கு இதே 250 கிகாவாட் நாள்ல எல்லா வீட்லயும் 60 வாட் குண்டு பல்பு எரிஞ்சிருந்தா சாயங்காலம் எத்தன ஊர்ல கட் ஆகிருக்கும்னு உங்க நண்பர்கிட்ட கேளுங்க. ஏசிக்கு மட்டும் தனியா யோசிக்கணும், ஸ்டார் ரேட்டிங்கோட சேத்து ஏசிய 24 டிகிரில வெக்கிறது, மொட்டை மாடில வெள்ளை பெயின்ட், ராத்திரி உச்ச நேரத்துக்கு தனி ரேட் இப்படி எதாவது ஒண்ணு கூட வந்தாதான் மிச்சம் தங்கும்.

நிலக்கரி_நேசன்:
ராத்திரி தனி ரேட்டுக்கு நான் எதிர்ப்புங்க. ஒரே ஒரு ரூம்ல ஏசி போட்டு குடும்பமே படுக்கிற வீட்டையும் நாலு ஏசி வீட்டையும் ஒண்ணா அடிக்கும் அது. யூனிட் அதிகமா போறவங்களுக்கு மட்டும்னா சரி.