பீரான் நகரப் பயணத்துக்கு வழிகாட்ட வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். ஆகஸ்டில் அம்மாவுடன் ஸ்லோவேனியாவின் கடற்கரை நகரமான பீரானில் மூன்று நாள் தங்கவிருக்கிறேன். அருகிலுள்ள செச்சோவ்லியே உப்பளங்களில், பெட்டோலா எனப்படும் நுண்ணுயிர்ப் படலத்தின்மேல் படியும் உப்பை, அடிச்சேறு கலவாமல் வெள்ளைவெளேரென்று கையால் வாரியெடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்கு எந்த நேரத்தில் செல்வது நல்லது? 1692இல் இங்கே பிறந்த வயலின் மேதை தார்த்தீனியின் பெயரிலுள்ள சதுக்கத்திலிருந்து, மேட்டின்மீதுள்ள புனித ஜார்ஜ் தேவாலயத்துக்கு ஏறும் பாதை முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு ஒத்துவருமா? மால்வாசியா வெள்ளை ஒயினையும் ரெஃபோஷ்க் சிவப்பு ஒயினையும் சிறிதளவு சுவைக்கத் தரும் உணவகங்களையும் தெரிவியுங்கள். பெயர்பெற்ற இடமாக இருக்க வேண்டியதில்லை. அன்று பிடித்த மீன் கிடைத்தால் போதும்.