நீர்வர்ணத்துக்கு எதில் காசு போடலாம்? இலங்கை மலைநாட்டு அனுபவங்கள்

தலவாக்கலையிலிருந்து:

எந்த வர்ணப் பெட்டி வாங்கலாம் என்று தம்பி கேட்டிருந்தார். நான் கடதாசியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் முதலில் கெட்டுப்போவது அதுதான்.

நல்ல நீர்வர்ணக் கடதாசியில் ஜெலட்டின் மாதிரி ஒரு பசை ஏற்றியிருப்பார்கள். கலர் உடனே உள்ளே இறங்காமல் மேலே நிற்பதும், தூரிகையால் இழுத்துச் சரிசெய்ய நமக்கு நேரம் கிடைப்பதும் அதனால்தான். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இங்கே அலுமாரிக்குள் இருக்கும் துணிகூட ஈரவாடை அடிக்கும். அந்த ஈரமும் பூஞ்சணமும் பசையை அரித்துவிடும். பார்வைக்குத் தாள் புதிதாகவே இருக்கும். வானத்துக்கு நீலம் ஓடவிட்ட பிறகுதான் அங்கங்கே கருந்திட்டு விழும். அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

டவுனில் ஒரு கடையில் தாள் பார்த்துக்கொண்டு நின்றபோது ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் ஒருவரைச் சந்தித்தேன். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு ஒரு தாளின் மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். "உருண்டு நிக்குதா பாருங்க. நின்னா வாங்கலாம். உடனே பரவிக் கறுத்தா பசை போயிருச்சு." அந்தக் கட்டில் இருந்த தாள் கறுத்தது. வேறு கட்டைப் பிரிக்கச் சொல்லி அதிலிருந்து வாங்கிக்கொண்டேன். முழுப் பருத்தித் தாள், சதுர மீற்றருக்கு 300 கிராம். சின்னக் கொப்பியாக வாங்காமல் 56க்கு 76 சென்ரிமீற்றர் பெரிய தாளாக வாங்கி எட்டாக வெட்டச் சொன்னதும் அவர்தான். வீட்டில் அதைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில், சப்பாத்துப் பெட்டிகளோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வைத்திருக்கிறேன். மழைக்காலம் முழுக்கத் தாங்குகிறது.

கலரை எனக்குப் பார்க்கக் கற்றுத் தந்தது அம்மா. பல வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். ஒருநாள் வாசலில் உட்கார்ந்து எதிர்மலையைக் காட்டி, "கொழுந்து நிக்கிற நிரை மஞ்சள் அடிக்கும், எடுத்து முடிச்ச நிரை கறுத்துத் தெரியும்" என்றார். உண்மைதான். மேலே இருக்கும் இளந்தளிர் போனதும் கீழே முற்றிய இலைதான் தெரியும். மழை விட்டதும் அந்த முற்றிய இலைகளின் பளபளப்பில் வானம் விழுந்து, அதே நிரை நீலச் சாம்பலாக மாறும். இத்தனை பச்சையையும் ஒரு ட்யூபுக்குள் யாரும் அடைத்து விற்க முடியாது. கொழுந்துக்கு லெமன் மஞ்சளில் துளி தாலோ நீலம். எடுத்த நிரைக்கு அதே மஞ்சளோடு அல்ட்ராமரீன் நீலம், கொஞ்சம் பர்ன்ட் சியன்னா என்ற பழுப்பு. தாலோ பச்சைப் பக்கம் சாய்ந்த நீலம், அதனால் கலவை பளிச்சென்று வரும். அல்ட்ராமரீன் சிவப்புப் பக்கம் சாய்ந்தது, மஞ்சளோடு சேர்ந்ததும் அடங்கிவிடும்.

பண்டாரவளையிலிருந்து:

அக்கா சொல்லும் ஈரம் எங்கள் பக்கம் ஜூலை, ஆகஸ்ட்டில் இல்லவே இல்லை. மழையை மலையின் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு எங்கள் ஊவா மாகாணத்துக்கு வறண்ட காற்றுதான் இறங்கும். வானத்தைப் பாதி பூசுவதற்குள் மேல் ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும். தாளின் பின்பக்கத்தையும் நனைத்துப் பலகையில் படியவைத்தால் வேலைக்கு நேரம் கிடைக்கிறது. தேன் சேர்த்த ட்யூப் கலர்கள் இங்கே அருமை, தண்ணீர் பட்டதும் கரையும். அவற்றைப் பிழிந்து வைத்த தட்டை ஈரமான நுவரெலியாவுக்கு எடுத்துப் போனால் காயாமல் பிசுபிசுத்து, பையைச் சாய்த்தால் ஒன்றோடொன்று ஓடிவிடும். ஈரமான ஊர்க்காரர்களுக்குக் கட்டிக் கலர்தான் வசதி.

தம்பேதென்ன தோட்டத்துக்கு மேலே, லிப்டன் சீட்டில், சுற்றுலா வந்த ஒரு பெண் வரைந்துகொண்டிருந்தார். கையில் சிறிய தகரப் பெட்டி, அதில் சில கலர்கள் மட்டும். ட்யூபின் முன்பக்கப் பெயரை விடுங்கள், பின்பக்கத்தில் இருக்கும் நிறமிக் குறியைப் படியுங்கள் என்று சொன்னார். பிபி29 (PB29) என்றால் எந்தக் கம்பனி போட்டாலும் அல்ட்ராமரீன்தான். சாப் கிரீன் என்ற பெயரிலோ ஆளுக்கொரு கலவை, பெரும்பாலும் இரண்டு மூன்று நிறமிகள். அவற்றை மறுபடி கலந்தால் சேறாகும். பேசிக்கொண்டிருக்கும்போதே பனி மேலே ஏறி வந்தது. அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் மட்டும் வைத்து அதை வரைந்தார். நீலம் கூடினால் தூரத்து மலை, பழுப்பு கூடினால் பக்கத்துப் பாறை. அல்ட்ராமரீன் சொரசொரத் தாளின் குழிகளில் மணிமணியாகத் தங்கும், அந்தப் பனிக்கு உயிர் கொடுத்தது அதுதான். கடையில் வாங்கும் சாம்பல் கலரை நான் அன்றோடு விட்டேன்.

ஹட்டனிலிருந்து:

மகள் சாதாரண தரப் பரீட்சைக்குச் சித்திரம் எடுத்திருக்கிறாள். இவ்வளவும் வாங்க எங்களால் முடியாது. எதில் மட்டும் செலவு செய்யலாம்? கண்ணைப் பறிக்கும் ரோஸ் ஒன்று வேண்டும் என்று வேறு கேட்கிறாள்.

தலவாக்கலையிலிருந்து:

தங்கச்சி, 24 கலர் பெட்டி வேண்டாம். மாணவர் தரத்திலேயே தனித்தனி ட்யூபாக ஒரு மஞ்சள், ஒரு ரோஸ், அல்ட்ராமரீன், பர்ன்ட் சியன்னா போதும். அல்ட்ராமரீனும் மண் நிறங்களும் ஓவியர் தரத்தில்கூட மலிவான வரிசையில்தான் இருக்கும், கோபால்ட்டும் காட்மியமும்தான் விலை. கூர்முனை உள்ள செயற்கைமுடித் தூரிகை ஒன்று, எட்டாம் நம்பர். கலர் தட்டுக்கு வீட்டில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் கோப்பை. மிச்சக் காசு முழுவதும் கடதாசிக்கு. மலிவுத் தாளில் பிள்ளை எவ்வளவு நன்றாகப் பூசினாலும் கலர் படியாது, தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துவிடுவாள்.

ரோஸைப் பார்த்து வாங்குங்கள். மின்னுகிற ஃப்ளோரசன்ட் ரோஸ் வெளிச்சத்தில் வெளிறிவிடும். பழைய அலிசரின் சிவப்பும், அதாவது பிஆர்83, அப்படித்தான். குயினாக்ரிடோன் வகை, பிவி19 அல்லது பிஆர்122, நிற்கும். மகளையே சோதிக்கச் சொல்லுங்கள்: ஒவ்வொரு கலரிலும் ஒரு பட்டை பூசி, பாதியைத் தடித்த அட்டையால் மூடி, வெயில் விழும் யன்னலில் ஒட்டிவிட்டு, சில மாதம் கழித்து அட்டையை எடுத்துப் பார்க்கட்டும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை உங்கள் பக்கம் வெயில் நன்றாக அடிக்கும், அப்போது வைத்தால் வித்தியாசம் சீக்கிரம் தெரியும்.