சைகோனிலிருந்து படகேறியவர்கள் ஏன் தங்கமாகவே கட்டணம் கொடுத்தார்கள்?

நெய்தல்நிலவன் கேட்டது:

1978–79இல் தென் வியட்நாமை விட்டுக் கடல்வழியே போனவர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். சில இடங்களில் இடறுகிறது. ஆளுக்குப் பத்து, பன்னிரண்டு லுவாங் தங்கம் என்கிறார்கள். கடை, பணம் எல்லாம் பறிபோன பிறகு அவ்வளவு தங்கம் எங்கிருந்து வந்தது? இது அரசுக்குத் தெரிந்து நடந்ததா, தெரியாமலா? கடலில் இரண்டு மூன்று நாள் தூரம்தானே, படகுகள் ஏன் இத்தனை நாள் தத்தளித்தன? விவரம் தெரிந்தவர்கள் கணக்கோடு சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

முதலில் அளவு. வியட்நாம் லுவாங் 37.5 கிராம், நம் கணக்கில் நாலே முக்கால் சவரனுக்குக் கொஞ்சம் குறைவு. தங்கம் கட்டியாக இல்லை, தாள் போலத் தட்டிய தகடு. கிம் தான் என்ற கடை முத்திரையிட்ட பொட்டலத்தில் 15 கிராம் தகடு இரண்டு, 7.5 கிராம் தகடு ஒன்று. கத்தரிக்கோலால் வெட்டலாம், மடிக்கலாம், கால்சட்டை இடுப்புப் பட்டிக்குள் வைத்துத் தைக்கலாம். அது தப்பிப் பிழைத்ததற்கு இந்த வடிவமும் ஒரு காரணம்.

பணம் பிழைக்கவில்லை. சைகோனைப் பிடித்த கம்யூனிஸ்ட் அரசு 1975 செப்டம்பர் 22 அன்று பழைய நோட்டு 500க்குப் புதியது 1 என்று மாற்றியது. ஒரு வீட்டுக்கு 1,00,000 பழைய டோங் வரைதான் கையில் கிடைக்கும், அதாவது 200 புதிய டோங். மிச்சம் வங்கியில் முடங்கியது. 1978 மே மாதம் வடக்கு, தெற்கு நாணயங்களை ஒன்றாக்கியபோது இரண்டாவது அடி. நோட்டை நம்பியவன் இரண்டு முறை மாட்டினான். அதனால் கடைக்காரக் குடும்பங்கள் லாபத்தைத் தங்கமாக மாற்றித் தரைக்கடியிலோ சுவருக்குள்ளோ வைத்தன.

1978 மார்ச்சில் சைகோனின் சீனர் பகுதியான சோலோனில் கடைகளுக்குள் ஆட்களை அனுப்பிச் சரக்கைப் பட்டியல் எடுத்தார்கள். அந்த மாதக் கடைசியில் தனியார் வணிகமே ஒழிக்கப்பட்டது. ஏறக்குறைய 30,000 கடைகள். பெரும்பாலானவை ஹோவா எனப்படும் சீன வம்சாவளியினருடையவை. கடை போனவர்களை 'புதிய பொருளாதார மண்டலம்' என்ற காட்டுநிலத்துக்கு அனுப்பினார்கள். போனால் நகரத்து 'ஹோ கௌ', அதாவது குடும்பப் பதிவு, ரத்து. பதிவு இல்லாவிட்டால் ரேஷன் அரிசி இல்லை, பிள்ளைக்குப் பள்ளி இல்லை. திருட்டுத்தனமாகத் திரும்பி வந்தவர்கள் நடைபாதையில் கிடந்தார்கள். கிளம்புவதற்கான கணக்கைப் பல வீடுகளில் போட்டுக்கொடுத்தது இந்த ரேஷன் அட்டைதான். துப்பாக்கி அதற்கு அப்புறம்.

தெரிந்தா, தெரியாமலா என்றால் இரண்டும். 1978 நடுவிலிருந்து 1979 நடு வரை 'பான் சின் துக்', பாதி அதிகாரபூர்வம். ஏற்பாட்டாளர் பயணிகள் பட்டியலைப் பாதுகாப்புத் துறையிடம் கொடுப்பார், தங்கம் கைமாறும், வீட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். பெரியவருக்கு 10–12 லுவாங், சிறுவருக்குப் பாதி. ஒரு வீட்டில் மூன்று பெரியவர், மூன்று சிறுவர் என்றால் 45 லுவாங். ஏறக்குறைய 211 சவரன்! இந்த வாசல் ஹோவாக்களுக்குத்தான், அதனால் வியட்நாமியர் பலர் சீனப் பெயரில் காகிதம் வாங்கி உள்ளே நுழைந்தார்கள்.

திசைகாட்டி:

மேலே சொன்னது பணக்காரர் வழி. மற்றவர்களுக்கு 'வுவொத் பியென்', களவாகத் தாண்டுவது. இரண்டிலிருந்து ஐந்து லுவாங். பாதியை முன்பணமாகக் கொடுத்து, போய்ச் சேர்ந்த அகதி முகாமிலிருந்து பேசிவைத்த சொல்லோடு தந்தி வந்ததும் மீதி என்று ஒப்பந்தம் போட்டவர்கள் புத்திசாலிகள். முழுவதையும் முதலிலேயே கொடுத்தவர்களிடம் இருட்டில் ஆற்றங்கரையைக் காட்டிவிட்டு ஏற்பாட்டாளர் மறைந்த கதை ஏராளம். பிடிபட்டால் சிறை, கூடவே ஹோ கௌவும் போகும். எல்லோருக்கும் தங்கம் போதாத வீட்டில் கம்போடியப் போருக்கு ஆள் எடுக்கும் வயதை நெருங்கும் மகனை மட்டும் அனுப்பினார்கள்.

முறை இப்படி. 'டாக்ஸி' என்பது ஐந்து பத்துப் பேரை ஏற்றிவரும் சின்ன ஓடம். ஆற்றின் முகத்துவாரத்தில் 'பெரிய மீன்', அதாவது தாய்ப்படகு, காத்திருக்கும். உள்ளூர்க் காவலுக்குக் கொடுப்பதற்குப் பெயர் 'கரை வாங்குவது'. டாக்ஸி தாமதமானால் பெரிய மீன் நிற்காது. குடும்பங்கள் பிரிந்தது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சோதனைச் சாவடி தாண்டும்வரை பலகைக்கடியில் மீன் அறைக்குள் படுக்கவேண்டும். குழந்தை அழாமலிருக்கத் தூக்க மருந்து கொடுப்பார்கள். அளவு மிஞ்சி, கண் திறக்காமலே போன குழந்தைகள் உண்டு.

படகு ஏன் தத்தளித்தது? அது ஆற்றுப் படகு. பத்துப் பன்னிரண்டு மீட்டர், தட்டை அடி, விளிம்பு தாழ்வு. 50 பேர் ஏறினால் ஆள் எடை மட்டுமே இரண்டரை டன். டீசல் ரேஷன் பொருள் என்பதால் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிப் புதைத்து வைத்ததில் தண்ணீர் கலந்திருக்கும், இன்ஜெக்டர் அடைக்கும். குளிர்நீர்க் குழாயில் சேறு ஏறினால் எஞ்சின் கொதித்து நிற்கும், மாற்றுப் பாகம் இருக்காது. ஆளுக்கு நாளைக்கு 2 லிட்டர் என்றால் 50 பேருக்கு நான்கு நாளைக்கு 400 லிட்டர் குடிநீர், அதாவது 20 லிட்டர் கேன் இருபது. அத்தனை கேனோடு ஆற்றில் போனால் எவனும் சந்தேகப்படுவான். எனவே பாதிதான் ஏறும், சில சமயம் அதுவும் டீசல் வாடை அடிக்கும் கேனில்.

திசைமானியை எஞ்சின் பக்கத்தில் வைத்தால் இரும்பு முள்ளை இழுக்கும். வியட்நாமின் தென்கோடியான கா மாவ் முனையிலிருந்து மலேசியாவின் திரெங்கானு கரை நேர்கோட்டில் 400 கி.மீ.க்குள்தான், ஐந்து நாட் (மணிக்கு ஏறக்குறைய 9 கி.மீ.) வேகத்தில் இரண்டு நாள் கூட ஆகாது. ஆனால் முள் மேற்கே விலகினால் தாய்லாந்து வளைகுடா. 1981இல் தாய்லாந்து வந்த 452 படகுகளில் 349 கொள்ளைக்கு ஆளானவை, ஒவ்வொன்றும் சராசரியாக மூன்று முறை. 881 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள். 228 பெண்கள் கடத்தப்பட்டார்கள். தெரிந்த மாலுமிகள் முதலில் நேர் தெற்கே இறங்கி, எண்ணெய்க் கிணற்று மேடைகளின் தீச்சுடரைக் குறி வைத்தார்கள். மாதம் மார்ச் முதல் ஜூன், இரவு அமாவாசையை ஒட்டி. வாடைக்காற்றுக் காலத்தில் கிளம்பியவர்கள் பிடிபடும் பயத்தில் கிளம்பியவர்கள்.

நெய்தல்நிலவன்:

நன்றி, திசைமானி விஷயம் எங்கும் படிக்காதது. வழியில் சரக்குக் கப்பல்கள் பார்த்தும் நிற்காமல் போனது வெறும் கல்நெஞ்சமா?

கிழக்குக்கரை:

அதுவும் உண்டு. ஆனால் துறைமுகச் சட்டமும் உண்டு. சிங்கப்பூர் இறக்கவிட வேண்டுமானால், எந்தக் கொடியின் கப்பலோ அந்த நாடு 90 நாளுக்குள் இவர்களை வேறெங்காவது குடியேற்றுவதாக உறுதி தரவேண்டும். தராத நாட்டுக் கப்பலின் கேப்டன் ஆளை ஏற்றினால் கப்பல் துறைமுகத்தில் முடங்கும், முதலாளிக்கு நாள் வாடகை நஷ்டம். பிறகு சில நாடுகள் சேர்ந்து அந்த உறுதியைப் பொதுவாகக் கொடுத்தன. நின்று ஏற்றுவது கூடியது.

மலேசியாவில் கரை தொட்டாலும் முடிந்ததாக இல்லை. கடற்படை படகைத் திரும்ப இழுத்துக்கொண்டு போய் விடும். 1978 நவம்பரில் சுமார் 2,500 பேரோடு கிள்ளான் துறைமுகம் வந்த ஹாய் ஹோங் கப்பலை இறக்கவிடவில்லை. அதனால் சிறு படகில் வந்தவர்கள் கரை தெரிந்ததும் அடிப்பலகையில் துளையிட்டுப் படகை முழுகடித்தார்கள். மிதக்கும் படகைத்தானே இழுக்க முடியும்? பூலாவ் பிடோங் தீவு ஒரு சதுர கிலோமீட்டர், 4,500 பேருக்கென்று அகதி முகாமாகத் திறந்தது. 1979 ஜூனில் அங்கே 40,000 பேர். அடுத்த மாதம் ஜெனீவாவில் 65 நாடுகள் கூடிய பிறகுதான் குடியேற்ற இடங்கள் 1,25,000லிருந்து 2,60,000 ஆயின. வியட்நாமும் கரையை இறுக்கியது. அதோடு பாதி அதிகாரபூர்வ வாசல் மூடியது.

கணக்குப்பிள்ளைக்கு ஒரு சேர்க்கை: கட்டணமில்லாத வழியும் இருந்தது. 1979 மே 30 ஒப்பந்தப்படி விமானத்தில் முறையாக வெளியேறும் திட்டம். வெளிநாட்டு உறவினர் மனு, வியட்நாமின் வெளியேறும் அனுமதி, குடியேற்றும் நாட்டின் நேர்காணல், மூன்றும் ஒத்துவர ஆண்டுகள் ஆகும். ஆனாலும் 1984இல் இப்படிப் போனவர் எண்ணிக்கை படகில் வந்தவர்களைத் தாண்டிவிட்டது.

கணக்குப்பிள்ளை:

சரிதான், விட்டுவிட்டேன். தமிழர் பற்றியும் ஒரு வரி. சைகோனில் புதுச்சேரி, காரைக்கால் வழி வந்த பலர் கையில் பிரெஞ்சு குடியுரிமை இருந்தது. அவர்கள் பிரான்சுக்குப் போனார்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் ஊர் திரும்பினார்கள். காகிதம் இருந்ததால் இவர்களில் பெரும்பாலோருக்குப் படகு தேவைப்படவில்லை, கடையும் வீடும் அங்கேயே நின்றன. மாரியம்மன் கோயில் மட்டும் இன்றும் துரோங் தின் தெருவில் இருக்கிறது. விளக்கேற்றுபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்.

திசைகாட்டி:

நெய்தல்நிலவன், மேலே படிப்பதானால் தேதியைக் கவனியுங்கள். 1989 மார்ச் 14க்குப் பின் முகாமுக்கு வந்தவர்களுக்குத் தானாக அகதி நிலை கிடையாது, விசாரணை உண்டு. ஹாங்காங்கில் 1988 ஜூன் 16லிருந்தே. 'பொருளாதாரக் காரணம்' என்று வாய்தவறிச் சொன்னால் நிராகரிப்பு. ஹோ கௌ பறிபோனது அரசியலா, வயிற்றுப்பாடா என்று விசாரணை அதிகாரி முன்னால் பிரித்துச் சொல்லவேண்டியிருந்தது. அப்படி நிராகரிக்கப்பட்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வியட்நாமுக்கே திரும்பினார்கள்.