நாளன்னிக்கு காயலான் கடைக்காரர் வர்றார்

குழு: கோமதி இல்லம் குடும்பம்

செவ்வாய்

முரளி அண்ணன்: அம்பத்தூர் கட்டடம் முக்கால்வாசி காலி. மேல் மாடி பழைய கம்ப்யூட்டர் ரூம்ல சுவரோரமா 4 பெரிய சிவப்பு சிலிண்டர் நிக்குது. தீயணைக்கிறதுன்னு நினைக்கிறேன். சின்னது ஒரு 6. காயலான் கடைக்காரர் நாளன்னிக்கு வர்றார், இரும்பு விலைக்கு எல்லாத்தையும் எடுத்துக்கறாராம்

முரளி அண்ணன்: 📷

சுதா அத்தை: தாத்தா மேஜை எடுத்து வெச்சியா முரளி?

சித்தப்பா: கடைக்காரர்கிட்ட என்ன விலைக்குப் பேசினீங்க? எனக்கு யாரும் சொல்லலையே

பெரியப்பா: நேத்து சாயங்காலம்தான் பேசினது. சொல்லலாம்னு இருந்தேன்

ரமேஷ் அத்தான்: முரளி, அந்த சிலிண்டரை யாரும் தொட வேண்டாம். லேபிள்ல 1301-னு இருக்கு. அது ஹேலான், தீயணைக்கிற கேஸ். பேர் பொறிச்ச தகடு, மேல இருக்கிற அழுத்தம் காட்டற கேஜ், தோள்பட்டைல குத்தின தேதி, மூணையும் கிட்ட போய் போட்டோ எடுத்து அனுப்பு. வால்வு மேல பின், லீவர் எது இருந்தாலும் கை படக்கூடாது

கலா சித்தி: வெடிக்குமா??

ரமேஷ் அத்தான்: வெடிக்கிற கேஸ் இல்ல சித்தி. தீயே பிடிக்காது. ஆனா உள்ள அழுத்தம் நிறைய. நைட்ரஜன் ஏத்தி 21 டிகிரில 360 பிஎஸ்ஐ வெச்சிருப்பாங்க. தீப்பிடிச்சா 10 செகண்டுக்குள்ள முழுசா கொட்டற மாதிரி வால்வு வாய் அகலமா இருக்கும். சங்கிலில கட்டாம, வாய் மூடாம நிக்கிற சிலிண்டர்ல அது தட்டுப்பட்டுத் திறந்துச்சுன்னா சிலிண்டரே கிளம்பிப் போய் சுவரை உடைக்கும். ஆளைக் கொல்லும்

அருண்: அய்யோ

முரளி அண்ணன்: கடைக்காரர் "காத்த இறக்கிட்டு கட் பண்ணிக்கறேன்"னு சொன்னார் மச்சான்

ரமேஷ் அத்தான்: அதைத்தான் நிறுத்தணும். இறக்கிவிட்டா நேரா வானத்துக்குத்தான் போகும். 1301 ஒரு கிலோ ஓசோனுக்குப் பண்ற சேதம் சிஎஃப்சி-11-ங்கற பழைய குளிரூட்டற கேஸ் பத்து கிலோவுக்குச் சமம். உள்ள இருக்கிறது புரோமின், குளோரினை விட அறுபது மடங்கு வேகமா ஓசோனைத் தின்னும். அறுபத்தஞ்சு வருஷத்துக்கு மேல காத்துல நிக்கும். மிச்சம் உள்ள இருக்கும்போதே கேஸ் கட்டர் வெச்சா சூட்டுல பிரிஞ்சு ஹைட்ரஜன் ஃப்ளோரைடும் ஹைட்ரஜன் புரோமைடும் வரும். கட்டர் பிடிக்கிறவர் நுரையீரல் போயிடும்

சுதா அத்தை: அண்ணா அந்த மேஜை தேக்கு. காயலான் கடைல போயிடப் போகுது

பெரியப்பா: மேஜை கீழ ஷெட்ல இருக்கு சுதா. யாரும் தூக்கிட்டுப் போகல

முரளி அண்ணன்: 📷📷📷📷

முரளி அண்ணன்: தகடு: மொத்தம் 112 கிலோ, காலி 67, உள்ள 45. நாலும் ஒண்ணுபோலதான். கேஜ் மூணுல 430 வாக்குல காட்டுது, ஒண்ணுல 290

ரமேஷ் அத்தான்: ரூம் சூடு எவ்வளவு?

முரளி அண்ணன்: ஏசி இல்ல. 34 இருக்கும்

ரமேஷ் அத்தான்: அப்ப 430 சரியாத்தான் இருக்கு. 21 டிகிரில 360 காட்டறது சென்னை வெயில்ல ஏறும். 290 காட்டறதுல நைட்ரஜன் பெரும்பாலும் கசிஞ்சிருக்கு. 34 டிகிரில ஹேலான் தன் ஆவி அழுத்தத்துலயே 275 பக்கம் நிக்கும், அதனால உள்ள 40 கிலோ இருந்தாலும் 15 கிலோ இருந்தாலும் முள் அங்கதான் காட்டும். கேஜை நம்பி அளவு சொல்ல முடியாது. தராசுல வெச்சாத்தான் தெரியும். எடை 5 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருந்தா கசிவுன்னு கணக்கு. அழுத்தம்னா சூட்டுக்குத் திருத்திப் பாத்து 10 சதவீதம்

சித்தப்பா: எடை போடட்டும். நானும் கூட இருக்கேன்

பெரியப்பா: வாயேன், உன்னை யார் வேண்டாம்னா

கலா சித்தி: வெள்ளிக்கிழமை விஜி வளைகாப்புக்கு எத்தனை பேர் சொல்லலாம்? சமையல்காரர் இன்னிக்கே கேக்கறார்

அருண்: நம்ம ஏசி மெக்கானிக் குமார்கிட்ட கேஸ் இழுக்கிற மிஷின் இருக்கே. அவரை விட்டு எடுத்துடலாம்ல?

ரமேஷ் அத்தான்: வேண்டாம்டா. அந்த மிஷின் உள்ள ஆர்-22-ங்கற ஏசி கேஸ் மிச்சமும் கம்ப்ரசர் எண்ணெயும் ஒட்டியிருக்கும். ஹேலான் அதுல போனா கலந்துடும். நைட்ரஜன் ஏத்தின சிலிண்டரை அந்த மிஷின் கன்டென்சர்ல போட்டா நைட்ரஜன் திரவமாகாது, மேல மேல அழுத்தம் ஏறி மிஷின் நிக்கும். ஹேலானுக்குன்னு தனி மிஷின்தான். ஹேலானை வாங்கிக்கற சிலிண்டரை முதல்ல வேக்குவம் பண்ணிக் குளிர வெப்பாங்க. அதோட மேல்பக்க ஆவியை கம்ப்ரசர் இழுத்து நம்ம சிலிண்டருக்குள்ள தள்ளும், அந்தத் தள்ளுல திரவம் அந்தப் பக்கம் போகும். நம்மளுது நிமிர்ந்தே நிக்கணும், உள்ள அடி வரைக்கும் குழாய் இறங்கியிருக்கு. திரவம் முடிஞ்சப்புறம் மிச்ச ஆவியையும் வளிமண்டல அழுத்தத்துக்குக் கீழ வர்ற வரைக்கும் இழுப்பாங்க. நடுவுல ஃபில்டர் டிரையர் தண்ணி, எண்ணெய், தூசியைப் பிடிக்கும். கடைசியா நைட்ரஜனைப் பிரிக்கிறதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. நல்லா குளிர வெக்காம அவசரத்துல வெளிய விட்டா நைட்ரஜனோட ஹேலானும் போயிடும்

சேகர் மாமா: இப்பதான் பாத்தேன். ரமேஷ் சொல்றது அத்தனையும் சரி. அந்த 6 சின்னதுல என்ன எழுதியிருக்கு முரளி?

முரளி அண்ணன்: நாலுல 1211, ரெண்டு சாதா பவுடர்

சேகர் மாமா: 1211-ம் ஒரு ஹேலான்தான், அதைத் தனியா வை. 1301 கூட ஒரே சிலிண்டர்ல, ஒரே மிஷின்ல சேரவே கூடாது. ஒண்ணு மைனஸ் 58-ல கொதிக்கும், இன்னொண்ணு மைனஸ் 4-ல. கலந்தா வடிகட்டியால பிரியாது, காய்ச்சி வடிக்கணும். அது எல்லா இடத்துலயும் கிடையாது. பிரிக்க முடியலன்னா பிளாஸ்மா ஆர்க் மாதிரி உலைல அழிக்கத்தான் வேணும். விமானத்துல எஞ்சினுக்கும் சரக்கு அறைக்கும் 1301, கேபின்ல கையடக்கத்துக்கு 1211-னு இன்னும் ஓடிட்டிருக்கு. 2009-ல பிரிட்டன்ல மறுசுழற்சி பண்ணி விமானத்துக்கு வித்த 1211-ல கலப்படம் இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. ஐரோப்பா பூரா அந்த அணைப்பான்களைக் கழட்ட உத்தரவு வந்துச்சு. தீப்பிடிச்சாத்தான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும்ங்கற பொருள்ல கலப்படம்னா நினைச்சுப் பாருங்க

சுதா அத்தை: இவர் ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார் 😄 சாப்பிட வாங்க

பெரியப்பா: மாப்பிள்ளை, இதுக்கு விலை கிடைக்குமா? கடைக்காரருக்கு அட்வான்ஸ் வாங்கியாச்சு

சித்தப்பா: அட்வான்ஸ் வேறயா?

ரமேஷ் அத்தான்: மாமா, இரும்போட சேத்து விக்க வேண்டாம். பணக்கார நாடுகள்ல 1994-லயே உற்பத்தி நின்னுடுச்சு, நம்மள மாதிரி நாடுகளுக்கு 2010 கடைசி. வேற ரசாயனத்துக்கு மூலப்பொருளா மட்டும் கொஞ்சம் 1301 செய்யறாங்க, தீயணைக்க இல்ல. அதனால விமானத்துக்கும் ராணுவ டாங்கிக்கும் வேணும்னா பழைய சிலிண்டர்லேர்ந்து எடுத்துச் சுத்தம் பண்ணினதுதான். டெல்லில ராணுவ ஆராய்ச்சி அமைப்பு டிஆர்டிஓவோட தீ பாதுகாப்பு மையத்துல தேசிய ஹேலான் வங்கி இருக்கு. அங்க எழுதிக் கேக்கலாம். சுத்தம் 99.6 சதவீதம், தண்ணி பத்து லட்சத்துல 10 பங்குக்குள்ள இருந்தாத்தான் 1301 தேறும். மாதிரி திரவத்துலேர்ந்து எடுத்து, கலந்திருக்கிறதைப் பிரிச்சுக் காட்டற குரோமட்டோகிராஃப்ல பாப்பாங்க. பேரம் பேசறதை அப்புறம் வெச்சுக்கலாம். நாலும் நிறைஞ்சிருந்தா 180 கிலோ. பழைய ஃப்ரிட்ஜ்ல 150 கிராம் சிஎஃப்சி-12 கேஸ் இருக்கும், அதுவும் சிஎஃப்சி-11 அளவுக்கே சேதம் பண்ணும்னு வெச்சா, 12,000 ஃப்ரிட்ஜைத் திறந்து விட்டதுக்குச் சமம்

அருண்: 12,000!!

கலா சித்தி: வளைகாப்புக்கு 120-னு சொல்லிடறேன்

பெரியப்பா: 150 சொல்லு கலா. சம்பந்தி பக்கம் கூட்டம் வரும்

ரமேஷ் அத்தான்: தோள்பட்டைல குத்தின தேதி 2004. சோதனைக் கெடு எப்பவோ முடிஞ்சது, அதுல திரும்ப நிரப்ப முடியாது. லாரில ஏத்தறதை விட ஆளுங்க இங்கயே வந்து சோதனைத் தேதி முடியாத சிலிண்டருக்கு மாத்தறதுதான் என் யோசனை

சேகர் மாமா: கழட்டற வரிசையையும் எழுதிடு ரமேஷ். முரளி ஆர்வத்துல ஸ்பேனர் எடுத்துடுவான்

ரமேஷ் அத்தான்: முதல்ல தீ அலாரம் பேனலோட கரண்ட், பேட்டரி ரெண்டும் ஆஃப். அப்புறம் வால்வு மேல இருக்கிற, கரண்ட் வந்தா வால்வைத் திறக்கிற சொலினாய்டைக் கழட்டி ஓரமா வைக்கணும். சில பழைய வால்வுல அதுக்குப் பதிலா சின்ன வெடிமருந்துக் குப்பி இருக்கும், அதைப் பழகினவங்கதான் தொடணும். அப்புறம் பைலட் குழாய், அதாவது அழுத்தத்தை அனுப்பி மத்த வால்வைத் திறக்கிற சின்னக் குழாய். அதுக்கப்புறம்தான் வெளியேற்றுக் குழாய், கழட்டின நிமிஷமே வால்வு வாய்ல உதைப்பு தடுக்கிற பிளக்கை முறுக்கணும். மேல மூடி போடணும். சுவர்ப் பட்டையை அவிழ்க்கறது கடைசி. பட்டையை முதல்ல அவிழ்த்துட்டு குழாயோட மல்லுக்கட்டறதுலதான் விபத்தே நடக்கும். ஆனா நீ எதையும் கழட்ட வேண்டாம் முரளி, நான் வர்றேன்

முரளி அண்ணன்: சரி மச்சான், தொடல. ஆனா புதன் ராத்திரிக்குள்ள மாடியைக் காலி பண்ணித் தரணும், வாங்கறவர் வியாழன் வர்றார். அதுவரைக்கும் கீழ பேஸ்மென்ட்ல வைக்கலாமா?

ரமேஷ் அத்தான்: பேஸ்மென்ட் கூடாது. காத்தை விட அஞ்சு மடங்கு கனம், கசிஞ்சா தரையோட தேங்கி அங்க இறங்கறவனுக்கு மூச்சு முட்டும். ஷெட்ல வெயில் படாத மூலைல, பலகை மேல, நிக்க வெச்சு சங்கிலி போடு. தகரக் கூரைக்கு நேர் கீழ வேண்டாம், 54 டிகிரியைத் தாண்டவே கூடாது. 290 காட்டற சிலிண்டர்ல நம்பர் எழுதித் தனியா நிறுத்து. பிளக் போடாம எதுவும் படி இறங்கக் கூடாது

சித்தப்பா: ஷெட் என் பங்குல வருது. எத்தனை நாளுக்கு?

பெரியப்பா: பாகமே இன்னும் எழுதலையேப்பா

சுதா அத்தை: இங்க வேண்டாம் ரெண்டு பேரும். போன்ல பேசிக்கோங்க

சித்தப்பா: வைக்க வேண்டாம்னு சொல்லல. எத்தனை நாள்னுதான் கேட்டேன்

ரமேஷ் அத்தான்: வங்கிலேர்ந்து பதில் வர்ற வரைக்கும் சித்தப்பா. நாள் இப்ப சொல்ல முடியல. நாளைக்குக் காலைல 8 மணிக்கு தராசு, பிளக்கோட வர்றேன். 150 கிலோ தாங்கற தராசு

பெரியப்பா: கடைக்காரர்கிட்ட சிலிண்டர் இல்லாம மத்த இரும்பு மட்டும்னு சொல்லிப் பாக்கறேன். ஒத்துக்குவாரான்னு தெரியல

முரளி அண்ணன்: ரெண்டு பவுடர் அணைப்பானைக் குடுத்துடலாமா மச்சான்?

ரமேஷ் அத்தான்: அதையும் நான் பாத்துட்டு சொல்றேன். அழுத்தத்தோட குடுக்கக் கூடாது

கலா சித்தி: 150-க்கு வாழை இலை யார் சொல்றது?