நடன மேடையைப் படமெடுக்க ஜூம் லென்ஸா, பிரைம் லென்ஸா?

தில்லைவெளி: வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை என் அக்காள் மகளுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். ஒத்திகையில் எடுத்த படங்களில் அவளுடைய கைகளும் பாதங்களும் கலங்கியே விழுந்திருக்கின்றன. ஜூம் ஆகாத 50 எம்எம் பிரைம் வாங்குவதா, 70-200 ஜூமை வாடகைக்கு எடுப்பதா என்று விரைவில் சொல்லுங்கள்.

கரைமணல்: எந்தக் கேமரா? இப்போது எந்த லென்ஸ்? மேடையிலிருந்து எவ்வளவு தூரத்தில் அமரப்போகிறீர்கள்?

ஒளிமானி: கேமராவின் பெயரைக்கூடச் சொல்லாமல் லென்ஸ் கேட்பவர்கள் முதலில் கையேட்டைப் படிப்பது நல்லது. கேமராவோடு வந்த 18-55 எம்எம் லென்ஸ் என்றே வைத்துக்கொள்வோம். 55-இல் அதன் திறப்பு எஃப் 5.6; இந்த எண் சிறிதானால் திறப்பு பெரிது. எஃப் 1.8 பிரைம் ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுவதால், 1/50 நொடியில் கலங்கிய அடவை 1/500 நொடியில் உறைய வைக்கலாம். பிரைம்தான் வேண்டும், இதில் இரண்டாம் பேச்சே இல்லை.

செம்பருத்தி: இருக்கிறது. வர்ணத்தில் ஜதிக்கு முழு உருவமும், அடுத்து வரும் அபிநயத்துக்கு முகமும் வேண்டும். அதற்கிடையில் லென்ஸைக் கழற்றி மாட்ட முடியாது. ஆனால் ஜூம் எஃப் 2.8 ஆக இருக்க வேண்டும். அதிர்வுத் தடுப்பை நம்பி குறைந்த ஒளியே விடும் ஜூமை எடுக்காதீர்கள். அது நம் கை நடுக்கத்தை ஈடுசெய்யுமே தவிர, ஆடுபவரின் அசைவை நிறுத்தாது.

ஒளிமானி: நான்கடி முன்னே நடந்தால் அதுவே ஜூம்.

செம்பருத்தி: இரண்டும் ஒன்றல்ல, நண்பரே. நிற்குமிடத்தை மாற்றினால் ஆடுபவருக்கும் அவருக்குப் பின்னாலுள்ள நடராஜர் சிலைக்கும் இடையிலான அளவு விகிதமே மாறிவிடும். ஜூம் செய்தால் காட்சியின் எல்லை மட்டுமே சுருங்கும். மேலும், மேடையை நெருங்கிக் கீழிருந்து எடுத்தால் பாதங்கள் விளிம்பில் மறைந்துபோகும். பரதத்தில் பாதம் இல்லாத படத்தை எந்தக் குருவும் ஏற்கமாட்டார்.

ஒளிமானி: விகிதம் மாறுவது உண்மைதான். ஆனாலும் எஃப் 2.8-ஐவிட எஃப் 1.8 இரண்டு மடங்குக்கும் மேல் ஒளி தருகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

தில்லைவெளி: நிக்கான் டி3500, 18-55. ஐந்தாம் வரிசை, பத்து மீட்டர் இருக்கும். எழுந்து நடக்க அனுமதியில்லை.

கரைமணல்: இதைத்தான் முதலிலேயே கேட்டேன். பத்து மீட்டரில் கேமராவை நெடுக்காகப் பிடித்தால் 50 எம்எம் ஏறத்தாழ 4.7 மீட்டர் உயரத்தை அடக்கும். அதில் குழந்தை சிறிதாகத் தெரிவாள். அதே இடத்தில் 70-இல் சுமார் 3.4 மீட்டர், 200-இல் 1.2 மீட்டர் கிடைக்கும். முழு உருவமும் முகமும் ஒரே லென்ஸில் வந்துவிடும். ஆகவே எஃப் 2.8 ஜூமை வாடகைக்கு எடுங்கள். அது ஒன்றரைக் கிலோ இருக்கும் என்பதால் ஒற்றைக்கால் தாங்கியும் வேண்டும். டி3500-இன் உடலில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. கடையில் பழைய 80-200 டி வகையைக் கொடுத்தால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது, லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் என்று கேட்டு வாங்குங்கள். கருந்திரை ஒளியளவைக் குழப்பி முகத்தை வெளுக்க வைக்கும் என்பதால், மேனுவலில் 1/400 நொடி வைத்து, முகத்தைப் பார்த்து ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறனை) அமையுங்கள்.

தில்லைவெளி: ஏஎஃப்-எஸ் 70-200 கிடைத்துவிட்டது. மிக்க நன்றி.

செம்பருத்தி: சனிக்கிழமையே மேடை விளக்குகளைப் போடச் சொல்லி ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.