புதிதாகப் பிசைந்த பாஸ்தாவுக்கு இரட்டை விலை தகுமா? முட்டை சேர்க்காத பெரியப்பாவை அங்கே அழைத்துப் போகலாமா?

அடையாற்றுக்காரன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். சென்ற சனிக்கிழமை மாலை நானும் என் மனைவியும் ஆழ்வார்பேட்டையின் உட்தெரு ஒன்றில், பழைய வீடொன்றின் முன்கூடத்தில் நடக்கும் சிறிய இத்தாலிய உணவகத்துக்குச் சென்றிருந்தோம். பெயர் வேண்டாம். மொத்தம் ஏழே மேசைகள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒரு பெண்மணி மாவைத் தேய்த்து நாடா நாடாவாக வெட்டுவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. எங்களிடம் வந்து என்ன வேண்டும் என்று கேட்டவரே பிறகு கல்லாவிலும் உட்கார்ந்தார். சொந்தக்காரர் வீட்டு விருந்துக்குப் போனதுபோல் இருந்த அந்த நெருக்கம் எங்கள் இருவருக்கும் மிகவும் பிடித்திருந்தது.

சாப்பாட்டில்தான் எனக்குக் குழப்பம். நான் கேட்ட தாலியாதெல்லே என்னும் நாடாப் பாஸ்தா, ராகு என்று அவர்கள் சொல்லும் ஆட்டிறைச்சிக் குழம்புடன் வந்தது. அளவு, பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வைப்பதைவிடச் சற்றே அதிகம். பல்லில் இலேசாகத் தடுக்கும் பதம்தான் பாஸ்தாவுக்கு அழகு என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு நம்பியிருந்தேன். இதுவோ பட்டுப்போல் வழுக்கிக்கொண்டு போயிற்று. சுவையில் குறை சொல்ல முடியாது என்றாலும், வேகவைத்ததில் பிழை நேர்ந்துவிட்டதோ என்ற ஐயம் விலகவில்லை. விலை நாங்கள் வழக்கமாகப் போகும் இடத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு. போதாததற்குப் பில்லின் அடியில் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தார்கள். கூச்சத்தில் கேட்காமல் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் காரைக்குடியிலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் வருகிறார்கள். இருவரும் சைவம், முட்டையும் தொடமாட்டார்கள். என் மனைவி சொன்னதைக் கேட்ட பெரியம்மாவுக்கு, மாவு தேய்ப்பதை ஒரு முறையாவது நேரில் பார்க்கவேண்டும் என்று ஆசை. அவர்களை அங்கே அழைத்துச் சென்றால் எதைக் கேட்டு வாங்குவது, எதைத் தவிர்ப்பது என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

போலோன்யாவில் இருந்தவன்:

மிருதுவாக இருந்ததைப் பிழையென்று எண்ணவேண்டாம், ஐயா. அந்தப் பாஸ்தா அப்படித்தான் இருக்கும். வேலை நிமித்தமாக இரண்டு ஆண்டுகள் இத்தாலியின் போலோன்யா நகரில் குடியிருந்தவன் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

பாஸ்தா என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பண்டங்களை நாம் அழைத்துக்கொண்டிருக்கிறோம். கடையில் பொட்டலமாக விற்கும் ஸ்பகெட்டி, டியூரம் என்னும் கடினக் கோதுமையின் ரவையையும் தண்ணீரையும் மட்டும் பிசைந்து, நம் இடியாப்ப நாழியைப் போன்ற அச்சின் வழியே பிழிந்து, மெல்ல உலர்த்தி எடுப்பது. நேப்பிள்ஸுக்கு அருகிலுள்ள கிரான்யானோ என்ற ஊர் இதற்குப் பேர்போனது; உலர் பாஸ்தாவை டியூரம் கோதுமையில்தான் செய்யவேண்டும் என்று 1967ஆம் ஆண்டிலேயே இத்தாலியர்கள் சட்டம் இயற்றிவிட்டார்கள். 'அல் தெந்தே' என்று அவர்கள் சொல்லும் அந்தப் பல்லில் தடுக்கும் பதம் இந்த உலர் வகைக்கு உரிய இலக்கணம். வடக்கே, போலோன்யா அமைந்திருக்கும் எமிலியா ரொமான்யா பகுதியின் பாஸ்தாவுக்கு மென்கோதுமையை மைதாவைப் போல நைசாக அரைத்த மாவு வேண்டும். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்ற கணக்கில், தண்ணீர் சேர்க்காமல் பிசைந்து, அரை மணி நேரம் மூடிவைத்து, நீண்ட உருளைக்கட்டையால் அடியில் வைத்த கை தெரியும் அளவுக்குத் தேய்ப்பார்கள். கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடங்கள் போதும். அதில் கடினத்தை எதிர்பார்ப்பது இடியாப்பத்தில் முறுக்கின் மொறுமொறுப்பைத் தேடுவதற்குச் சமம்.

இப்படிச் சொல்வதால், உலர்ந்தது மட்டம், புதியது உசத்தி என்று பொருள் கொண்டுவிடாதீர்கள். பாக்கெட் சேவையை அவசரத்துக்கு வாங்கும் நமக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். அங்கே அவ்வாறு யாரும் தரம் பிரிப்பதில்லை. எந்தக் குழம்புக்கு எது என்றுதான் பார்ப்பார்கள். ஆலிவ் எண்ணெயும் பூண்டும் மட்டியும் சேரும் உணவுக்கு உலர்ந்த ஸ்பகெட்டியே பொருத்தம். வெண்ணெய், பாலேடு, நெடுநேரம் கொதித்த இறைச்சி ராகு ஆகியவற்றை உறிஞ்சிக்கொள்ள முட்டைப் பாஸ்தாவின் சொரசொரப்பு வேண்டும். 'ஸ்பகெட்டி போலோனீஸ்' என்று உலகமெங்கும் விற்கிறார்களே, அதைப் போலோன்யாக்காரர்களிடம் சொன்னால் முகம் சுளிப்பார்கள். அவர்கள் ராகுவைத் தாலியாதெல்லேயுடன்தான் உண்பார்கள். அந்த நாடாவின் அகலம் வெந்த பிறகு 8 மில்லிமீட்டர் இருக்கவேண்டும் என்று 1972இல் அந்நகரின் வர்த்தக சபையில் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள். நகரின் நடுவே நிற்கும் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு என்று அதற்கு ஒரு கணக்கு வேறு. கோயில் கோபுரத்தை அளவுகோலாக வைத்து நம்மில் எவரும் முறுக்கு பிழிந்ததாகத் தெரியவில்லை.

அளவைப் பற்றி ஒரு சொல். இத்தாலிய விருந்தில் பாஸ்தா முதற்சுற்று. அதன்பின் இறைச்சியோ மீனோ தனியாக வரும். ஆகவே அங்கே ஒருவருக்கு வைக்கும் புதிய பாஸ்தா, வேகுமுன் எடை போட்டால் 100 கிராமுக்குச் சற்று முன்பின்னாகவே இருக்கும். ஃபுல் மீல்ஸ் பசியோடு போய் ஒரே தட்டோடு எழுந்தால் வயிறு நிறையாதுதான். இன்னொன்று: தட்டு வந்த உடனே சாப்பிட்டுவிடவேண்டும். நெய் ரோஸ்ட்டை எதிரில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் படம் எடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகுமோ, அதைவிட விரைவாக இது ஒட்டிப் பிசினாகிவிடும்.

மாடவீதி மங்கை:

பெரியவர்களை அழைத்துப் போவதில் தடையில்லை. ஆனால் முன்கூட்டியே தொலைபேசியில் பேசாமல் போகாதீர்கள். முட்டை சேர்க்காத குடும்பத்திலிருந்து வந்து, இத்தகைய இடங்களில் பலமுறை கேள்வி கேட்டே பழகிப்போனவள் என்ற முறையில் சொல்கிறேன். 'வெஜ் பாஸ்தா' என்று மெனுவில் எழுதியிருந்தால் குழம்பில் இறைச்சி இல்லை என்பது மட்டுமே உறுதி. மாவிலேயே முட்டை இருப்பதை எழுதுபவர் மறந்துவிடுவதுண்டு.

நல்ல செய்தி என்னவென்றால், முட்டையில்லாப் புதிய பாஸ்தாவும் இத்தாலியில் பரம்பரையாக உண்டு. நமக்காகக் கண்டுபிடித்த சமாதானம் அன்று. தெற்கே பூலியா பகுதியின் ஒரெக்கியெத்தே, அதாவது 'சிறு காதுகள்', ரவையும் தண்ணீரும் மட்டும் சேர்த்துக் கட்டைவிரலால் அழுத்திச் செய்வது. தஸ்கனியின் பீச்சி, கையால் உருட்டும் தடித்த கயிறு. லிகூரியாவின் த்ரோஃபியே முறுக்கிய சிறு துண்டு. இவற்றில் ஏதேனும் ஒன்றை அன்றைக்குச் செய்ய முடியுமா என்று இரண்டு நாள் முன்னதாகக் கேளுங்கள். ஏழு மேசை உணவகத்தின் வசதியே அதுதான்; பெரிய இடத்தில் இப்படிக் கேட்டால் மேலாளர்வரை போய்த் திரும்பி வருவதற்குள் நமக்குப் பசி அடங்கிவிடும். ஞோக்கி என்னும் உருளைக்கிழங்குச் சிற்றுருண்டைகளைச் சிலர் முட்டையில்லாமலும் சிலர் முட்டை சேர்த்தும் செய்வதால், அதையும் கேட்டுத்தான் வாங்கவேண்டும்.

சீஸ் இன்னும் நுணுக்கமானது. பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரில் விற்கவேண்டுமானால், பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டையே சேர்க்கவேண்டும் என்பது அதன் விதி. பெக்கோரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னட். கிரானா பதானோவில் முட்டையின் வெள்ளைக்கருவிலிருந்து எடுக்கும் லைசோசைம் என்ற பொருளைச் சேர்க்கவும் அனுமதி உண்டு. இதை முதன்முதலில் அறிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொட்டலத்தின் பச்சைப் பொட்டும் இங்கே முழுவதும் கைகொடுக்காது, ஏனெனில் நம் நாட்டு வரையறை பால்பொருள்களைச் சைவமாகவே கணக்கில் வைக்கிறது. நுண்ணுயிர் ரென்னட்டில் செய்த உள்நாட்டுச் சீஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பெரியவர்களுக்குச் சீஸ் தூவாமல் ஆலிவ் எண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளைத் தூவச் சொல்லுங்கள். தென் இத்தாலியில் அதுவும் பழைய வழக்கம்தான், உண்மையில் நன்றாகவும் இருக்கும். பேசில் இலையை அரைத்த பெஸ்டோ பச்சையாகத் தெரிகிறதே என்று ஏமாறவேண்டாம், அதில் சீஸ் அரைத்தே சேர்ந்திருக்கும். கடைசியில் வரும் இனிப்புகளில், திராமிசுவில் முட்டை, பன்னா கோட்டாவில் விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். பழக்கூழை உறையவைத்த சோர்பெத்தோ இருந்தால் நிம்மதி.

அடுப்படிக் கணக்கன்:

விலையைப் பற்றி யாரும் பேசவில்லையே. இப்படிப்பட்ட ஒரு சிறு சமையற்கூடத்தில் மூன்று ஆண்டுகள் மாவு பிசைந்தவன் நான். மாவும் முட்டையும் மலிவுதான். நாமக்கல் முட்டைக்கு யாரும் அதிக விலை கேட்பதில்லை. (அதன் மஞ்சள் கரு வெளிறியிருப்பதால் எங்கள் தாலியாதெல்லே ஒருநாளும் போலோன்யாப் படங்களில் பார்க்கும் நிறத்துக்கு வந்ததில்லை, கூடுதலாக இரண்டு கரு சேர்த்துச் சமாளிப்போம்.) செலவெல்லாம் ஆளிலும் குளிர்சாதனத்திலும் போகிறது. சென்னையின் ஈரக்காற்றில், குறிப்பாக ஐப்பசி கார்த்திகையில், அதே அளவு மாவும் அதே முட்டையும் காலையில் ஒரு பதமாகவும் மாலையில் வேறு பதமாகவும் இருக்கும். பூரணம் வைத்து மூடிய ரவியோலி அரை மணி நேரத்தில் அடியில் ஈரம் கசிந்து தட்டோடு ஒட்டிக்கொள்ளும். கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்தவர்களுக்கு இந்த வேதனை புரியும், ஆனால் அங்கே சொப்பு காய்ந்து வெடிக்கும், இங்கே நனைந்து கிழியும். விற்காமல் மிஞ்சியதை மறுநாள் பரிமாற மனம் வராது. ஏழு மேசைகள், ஓர் இரவில் இரண்டு பந்தி, அதற்குள் வாடகையும் சம்பளமும் வரவேண்டும். இத்தாலியில் இத்தகைய இடங்களுக்கு ஒயின் விற்பனையும் கைகொடுக்கும். நம் ஊரில் மது பரிமாறும் உரிமம் இந்த மாதிரிச் சிறு உணவகங்களுக்கு எட்டாத ஒன்று.

ஆனால் போலோன்யாவில் இருந்த நண்பர் சொன்ன எல்லாவற்றையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முட்டைப் பாஸ்தா மிருதுவாக இருக்கலாம், குழைந்திருக்கக் கூடாது. முள்கரண்டியில் சுற்றும்போது நாடா அறுந்து விழுந்தால் அது கூடுதலாக வெந்ததுதான், எந்த ஊர் இலக்கணமும் அதைக் காப்பாற்றாது. மேலும், 'புதியது' என்று பலகை மாட்டிய இடமெல்லாம் அன்றன்று பிசைவதில்லை. வாரத்துக்கு ஒருமுறை செய்து உறைபெட்டியில் வைப்பவர்களும் உண்டு. பூரணம் வைத்தவற்றை உறையவைப்பது குற்றமன்று, நாங்களும் செய்திருக்கிறோம். அதற்கு அன்றைய விலை கேட்பதுதான் தவறு. மெனுவில் பாஸ்தா வகைகள் ஐந்தாறுக்குள் இருந்தால் நான் நம்புவேன். இருபது இருந்தால் எழுந்துவிடுவேன்.

அடையாற்றுக்காரன்:

நாடா அறுந்து விழவில்லை, சுற்றச் சுற்ற வந்தது. ஆக, என் பல்தான் வேறொன்றை எதிர்பார்த்திருக்கிறது. மெனுவில் பாஸ்தா ஆறு வகைகள்தாம் இருந்தன. சர்வீஸ் சார்ஜ் பற்றி யாராவது சொல்லமுடியுமா?

மாடவீதி மங்கை:

அதைக் கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி உணவகங்கள் அதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது. தில்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச் 28 அன்று அதை உறுதிசெய்தது. ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. வேறு, இது வேறு. நீக்கித் தாருங்கள் என்று அமைதியாகக் கேட்டாலே பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள். மறுத்தால் 1915 என்ற எண்ணில் முறையிடலாம். பரிமாறியவருக்குக் கையில் கொடுக்க விரும்பினால் அது உங்கள் விருப்பம்.

அடையாற்றுக்காரன்:

நேற்று இரவு போய்வந்தோம், அதனால் இந்த இழையை மீண்டும் தொடுகிறேன். இரண்டு நாள் முன்னதாகப் பேசியபோது, ஒரெக்கியெத்தே செய்து தருவதாகவும், பெரியவர்களுக்குத் தனிப் பாத்திரத்தில் தனித் தண்ணீரில் வேகவைப்பதாகவும் அவர்களே சொன்னார்கள். தண்ணீரைப் பற்றி எனக்குக் கேட்கவே தோன்றியிருக்கவில்லை. ப்ரோக்கோலியும் பூண்டும் சேர்த்து, சீஸுக்குப் பதிலாக வறுத்த ரொட்டித்தூள் தூவி வந்தது. பெரியப்பா உப்பு குறைவு என்றார், ஆனால் தட்டில் எதுவும் மிச்சமில்லை.

பெரியம்மா மேசையில் இருந்ததைவிடக் கண்ணாடித் தடுப்புக்கு அருகில் நின்றதுதான் அதிகம். அந்தப் பெண்மணி சீப்பைப்போல் வரிகள் ஓடும் சிறு பலகையில் மாவுத் துண்டை வைத்து, மெல்லிய குச்சியால் உருட்டிக் குழலாக்கிக்கொண்டிருந்தார். கர்கனெல்லி என்று பெயராம், முட்டை சேர்ந்தது. "இது நம்ம சீப்புச் சீடையில்லையா?" என்று பெரியம்மா கேட்க, அவருக்கு அது என்னவென்று தெரியவில்லை. உடனே உள்ளே அழைத்து, ரவை மாவில் ஓர் உருண்டையைக் கையில் கொடுத்துவிட்டார். குச்சி இல்லாமலே, விரலில் சுற்றி முனைகளை ஒட்டி, பெரியம்மா பத்துப் பன்னிரண்டு செய்து அடுக்கிய பிறகுதான் எங்களால் கிளம்ப முடிந்தது. சர்வீஸ் சார்ஜைக் கேட்டவுடன் நீக்கிவிட்டார்கள்.